குறட்டை என்று நினைத்தோம்

இஸ்திரி அக்காவைக் கொன்றது நாம்தான்.

வணக்கத்துக்கு முன்னால் இதை வைத்துவிட்டேன். பின்னால் வைத்தால் கைதட்டலில் காணாமல் போய்விடும். இனி வணக்கம்.

ஆவியோடும் அனலோடும் இருபத்தெட்டு ஆண்டுகள் மல்லுக்கட்டி, இன்று இந்த மேடையில் ஆடுகிற நாற்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தலைவர், எங்கள் பாய்லர் அண்ணன் அவர்களே! தன் ஞாயிற்றுக்கிழமைகளைத் தன் வீட்டுக்குக் கொடுக்காமல் எங்கள் சங்கத்து அறைக்குக் கொடுத்த கிளினிக் நர்சம்மா அவர்களே! மடியில் மலர்க்கொத்தோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேலாளர் ஐயா அவர்களே! ஊரார் அழுக்கை வெளுத்து வெளுத்து, தங்கள் தோள்வலியை மட்டும் வெளுக்கத் தெரியாமல் போன தாய்மார்களே! வலி என்றால் ‘வயசு’ என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும் பெரியவர்களே! அக்காவின் வீட்டுக்காரரே, பஸ் ஓட்டுகிற அண்ணனே! கதவோரமாக, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்கும் வேன்காரரே! உள்ளே வாருங்கள். இன்றைய விழாவே உங்களால்தான். நாற்காலி இல்லை என்றால் யாராவது எழுந்து கொடுங்கள். எழுந்து கொடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்.

நான் மூன்றாம் எண் மடிப்பு மேசையில் நிற்பவள். வாயாடி என்று கேட்டால் சலவையகத்தில் எல்லோரும் என்னைக் காட்டுவார்கள். ‘ஓர் உயிரைக் காப்பாற்றியது எப்படி’ என்று பத்து நிமிடம் பேசச் சொல்லி என்னை ஏற்றியிருக்கிறார்கள். அந்த மேசைமேல் இருக்கும் கண்ணாடிக் கேடயத்தைப் பாருங்கள். ‘உயிர் காத்த சலவையகம்’ என்று எழுதியிருக்கிறது. நகரத்துச் சுகாதாரக் குழு கொடுக்கிறது, மேலாளர் ஐயா வாங்கப்போகிறார், வாசலில் மாட்டப்போகிறோம். எழுதியிருப்பது பொய்யா? இல்லை. உண்மையா? அங்கேதான் எனக்குக் குழப்பம். மேடை ஏறியவள் தெளிவாகப் பேச வேண்டும் என்பார்கள். தெளிவாக இருந்திருந்தால் நான் ஏறியிருக்கவே மாட்டேன்.

முதலில் டப்பாவைச் சொல்கிறேன். நம் ஆட்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

மடிப்பு மேசைக்கு மேலே, நூல்கண்டுகளும் ஊசிகளும் வைக்கிற பலகையில், ஒரு நீல பிஸ்கட் டப்பா. எனக்கு முன்னால் அங்கே வந்தது அது. நம்மில் யாருக்காவது தோளில் அறுவை நடக்கும், முதுகில் நடக்கும், பல்லைப் பிடுங்குவார்கள். ஆஸ்பத்திரியில் வலி மாத்திரை கொடுப்பார்கள். சும்மா தலைவலி மாத்திரை இல்லை. அபின் வம்சத்து மாத்திரை. பாதி சாப்பிட்டதும் வலி குறையும். மீதியை என்ன செய்வது? டப்பாவில் போடுவோம். ஈர விரிப்பைத் தூக்கித் தூக்கித் தோள் செத்தவள் அதிலிருந்து ஒன்றை எடுப்பாள். போட்டவர் யார் என்று கேட்பதில்லை, எடுத்தவர் யார் என்றும் கேட்பதில்லை. வலிக்கிறவளுக்கு வலித்தவள் கொடுக்கிற வரம் என்று நாங்கள் நினைத்தோம். இதைவிட ஈரமான மனசு எந்த ஊரில் இருக்கிறது? இதைவிட முட்டாள்தனமான பழக்கம்தான் எந்த ஊரில் இருக்கிறது? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், அந்த நீல டப்பா. எதற்குக் கைதட்டுவது, எதற்குத் தலையில் அடித்துக்கொள்வது?

முதலில் விழுந்தவர் வேன்காரர். போன வருடம், பகல் ஷிஃப்ட், அழுக்கு மூட்டைகளை இறக்கும் முற்றம். டப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேனின் படியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். உதடு நீலம், நகம் நீலம். நல்லவேளை, அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நர்சம்மா எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார். சங்கத்து அறையில் பாய் விரித்து, பாய்லர் அண்ணனையே நோயாளியாகப் படுக்க வைத்தார். மூக்கில் அடிக்கிற மருந்து, மாத்திரை அமுக்கிய மூச்சைத் திருப்பிக் கொண்டுவருவது. ஒரு துளையில் வைத்து ஒரே அழுத்து. ஆம்புலன்ஸைக் கூப்பிடு. மூச்சு வரவில்லையென்றால் வாய் வழியாக ஊது. ஒருக்களித்துப் படுக்க வை. பக்கத்திலேயே உட்கார். இவ்வளவுதான் பாடம்.

பாய்லர் அண்ணன் நடிப்பு எப்படி? தலைவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். படுத்த இரண்டாவது நிமிடம் நிஜமாகவே குறட்டை விட்டார். அறை அதிர்ந்தது. இஸ்திரி அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாய்லரை யாராவது அணைங்கப்பா, வெடிச்சிடப் போகுது” என்றாள்.

நர்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. “சிரிங்க, பரவாயில்ல. ஆனா இந்தச் சத்தத்தை ஞாபகம் வச்சுக்குங்க. மாத்திரை போட்டவங்ககிட்ட இந்த மாதிரி குறட்டை கேட்டா அது தூக்கம் இல்ல. தொண்டை அடைக்குதுன்னு அர்த்தம்” என்றார். நாங்கள் தலையாட்டினோம். சிரித்துக்கொண்டே தலையாட்டினோம்.

வேன்காரருக்கு மருந்தை அடித்தது நான்தான். ஒன்று போதவில்லை, இரண்டாவதும் அடித்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது இஸ்திரி அக்கா. வண்டி வந்தது, தூக்கிப் போனார்கள், பிழைத்தார். இதோ நிற்கிறார், முழுசாக, மீசையோடு. கைதட்டுங்கள். இதற்குத் தட்டலாம்.

தட்டியாயிற்றா? மீதியையும் கேளுங்கள்.

நாலாம் நாள் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதே, தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறோமே: ‘பணியிடத்தில் போதைப்பொருள் உட்கொண்டவர் உடனடியாக நீக்கப்படுவார்.’ ஆம்புலன்ஸ்காரர்கள் எழுதிக்கொடுத்த தாளே சாட்சி ஆகிவிட்டது. உயிரைக் கொண்டுவந்த வண்டியே வேலையைக் கொண்டுபோய்விட்டது. கேடயம் யாருக்காகவோ, அவருக்கு இன்று இந்த அரங்கில் நாற்காலிகூட இல்லை.

யார் அது, பின்னால்? “மேலாளரைச் சீண்டாத, பாத்துப் பேசு” என்கிறீர்களா? பார்த்துத்தான் பேசுகிறேன் அண்ணே. அவரையே பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

அவர் கெட்டவர் என்று சொல்ல நான் வரவில்லை. சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவு வசதி! வேன்காரர் விஷயமாக நாங்கள் அவர் அறைக்குப் போய் நின்றோம். உட்காரச் சொன்னார். “உருளை இஸ்திரி இயந்திரத்துல ஒருத்தர் மயங்கி விழுந்து கை உள்ள போச்சுன்னா, நாளைக்கு நீங்கதாம்மா என் சட்டையைப் பிடிப்பீங்க. எனக்கும் விதி இருக்கு” என்றார். நானும் யோசித்தேன். நூற்றெண்பது டிகிரி சூட்டில் சுழல்கிற உருளை அது. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்து படியில் நின்று மறுபடி யோசித்தேன். அப்போதும் முடியவில்லை. ஆனால் சரி என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

வேன்காரருக்கு வேலை போனதிலிருந்து நாங்கள் என்ன பாடம் கற்றோம்? டப்பாவைத் தூக்கி எறியக் கற்றோமா? இல்லை. மருந்தை எப்போதும் பையில் வைத்திருக்கக் கற்றோம், நல்லது. இன்னொன்றும் கற்றோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. சலவையகத்து முந்நூறு பேரும் ஒரே நாளில் கற்றோம். மருந்தை அடி, ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே.

இஸ்திரி அக்கா விழுந்த நாளுக்கு வருகிறேன். பஸ் ஓட்டுகிற அண்ணா, நீங்கள் வேண்டுமானால் கொஞ்சம் வெளியே... சரி. இருங்கள்.

பத்தரை மணி டீ இடைவேளை முடிந்து, மணி பதினொன்று. உருளை இயந்திரத்துக்குப் பின்னால், ஓட்டல் விரிப்பு மூட்டைகள் மேல் அக்கா கிடந்தாள். நல்லவேளை, உருளை பக்கம் சாயவில்லை. ஓடிப் போய் மருந்தை அடித்தேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். நூறுக்கு மேல் எண்ணியிருப்பேன், கண் திறந்தாள். திறந்ததும் என்ன சொன்னாள் தெரியுமா? “எவடி அவ, என் மூக்குல மருந்து ஊத்தினது?” சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்துவிட்டோம். பயத்தில் வருகிற சிரிப்பு. நான் போனை எடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். விழுந்து எழுந்தவளுக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

“ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ்னு கூப்பிட்ட, உன் கை காலை உடைச்சிடுவேன். வேன்காரரை மறந்துட்டியா? எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு மணி நேரம் படுத்தா சரியாயிடும்.”

போனைப் பைக்குள் போட்டேன். அதே பைக்குள் இன்னொரு மருந்துக் குப்பி இருந்தது. அது என் தொடையில் இடித்தது. இப்போதும் இடிக்கிறது.

துணிக்கிடங்கில் படுக்க வைத்தோம். எதன் மேல்? ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விரிப்புகள் மேல். அன்று காலை நானே மடித்தவை. இந்த நகரத்து நோயாளிகள் எல்லாம் எங்கள் கை பட்ட விரிப்பில்தான் படுக்கிறார்கள். எங்களில் ஒருத்தி மட்டும், அதே விரிப்பில், ஆஸ்பத்திரி இல்லாமல் படுத்தாள். இதைச் சொன்னால் கவிதை மாதிரி இருக்கிறது. எனக்குக் கவிதை வேண்டாம். அந்த விரிப்புக்கு அடியில் ஒரு கட்டில் வேண்டும், பக்கத்தில் ஒரு டாக்டர் வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன், அதுவும் மனசுக்குள்.

பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தார் நர்சம்மா. உட்கார்ந்தேனா? மேசையில் விரிப்பு மலையாகக் குவிந்தது. மேற்பார்வையாளர் இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் வராவிட்டால் தேடி வருவார், தேடி வந்தால் அக்காவைப் பார்ப்பார், பார்த்தால் அக்காவுக்கு வேலை போகும். அக்காவைக் காப்பாற்றத்தான் அக்காவை விட்டு எழுந்தேன். சிக்கலான வாக்கியம் என்று தோன்றினால் நீங்களே எளிமையாக்கிக் கொடுங்கள். நான் எட்டு மாதமாக முயன்றுவிட்டேன்.

பன்னிரண்டு அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது எட்டிப் பார்த்தேன். அக்கா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? திரும்பி வந்து எல்லோரிடமும் சொன்னேன்: “குறட்டை விடுறாங்க, நல்லாத் தூங்குறாங்க.” ஒருத்தி “பாய்லர் அண்ணனுக்குப் போட்டி” என்றாள். மறுபடி சிரித்தோம்.

பன்னிரண்டரைக்குச் சாப்பிட எழுப்பப் போனபோது குறட்டை இல்லை.

(தண்ணீர் வேண்டாம். பேசிவிடுகிறேன்.)

நர்சம்மா பிறகு விளக்கினார். மூக்கு மருந்து கொஞ்ச நேரத்துக்குத்தான் காவல் நிற்கும். அது விலகியதும் மாத்திரை மறுபடி மூச்சின் மேல் ஏறி உட்காரும். அதுவும் அக்கா எடுத்தது சாதாரண மாத்திரை இல்லை. உடம்பில் மெதுவாகக் கரைந்து நெடுநேரம் நிற்கிற வகை, புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுப்பது. டப்பாவுக்குள் எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். அக்கா எப்போதும்போல இரண்டு எடுத்திருக்கிறாள்.

அதை டப்பாவில் போட்டது யார்?

என் அப்பா புற்றுநோயில் போனார். அவர் போன மறுவாரம், மீதி மாத்திரையை நான் டப்பாவில் போட்டேன். யாருக்காவது உதவும் என்று போட்டேன். வேறு வீடுகளிலும் அந்த மாதிரி சாவு நடந்திருக்கிறது. வேறு யாராவது போட்டிருக்கலாம். அக்கா எடுத்தது என் அப்பாவுடையதா? தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை. கேட்கக் கூடாது என்பதுதானே நம் டப்பாவின் சட்டம்! அப்படியானால் கொன்றது நானா? டப்பாவா? அறிவிப்பா? அதை ஒட்டியவரா? ஒட்டியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்த முந்நூறு பேரா? என் கைவிரல் ஒரு நாள் ஒருவரைக் காட்டுகிறது, மறுநாள் வேறொருவரைக் காட்டுகிறது, சாயங்காலம் என்னிடமே திரும்பி வருகிறது. அதனால்தான் ‘நாம்’ என்றேன். தெளிவு வந்து சொல்லவில்லை. விரல் ஓய்ந்துபோய்ச் சொன்னேன்.

அக்காவின் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் சலவையக வாசலுக்கு வந்தார், பஸ் ஓட்டுகிற சீருடையோடே. திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். ஒன்றே ஒன்று கேட்டார்: “கடைசியா என்ன சொன்னா?”

“கை காலை உடைச்சிடுவேன்னு சொன்னாங்க” என்றேன்.

“அவதான்” என்றார். சிரித்தார். “வீட்லயும் அப்படித்தான்” என்றார். பிறகு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவருடைய பஸ்ஸில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவரும் இறங்கிப் போகவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. டப்பாவைக் காலி செய்தோம். மாத்திரை அத்தனையும் நர்சம்மா கிளினிக்கில் ஒப்படைத்தோம். இப்போது டப்பாவுக்குள் மூக்கு மருந்து இருக்கிறது. பூட்டு கிடையாது. வலிக்கு மாத்திரை வேண்டும் என்றால், விடமுடியாமல் தவிக்கிறேன் என்றால், நர்சம்மாவிடம் கூட்டிப்போக இரண்டு பேர் இருக்கிறார்கள். வழியில் புத்தி சொல்ல மாட்டார்கள் என்பதே அவர்கள் தகுதி. யாராவது விழுந்தால் ஒருத்தி பக்கத்தில் உட்காருவாள். அவள் மேசை விரிப்பை இரு பக்கத்து மேசைக்காரிகளும் மடிப்பார்கள். இனி மேற்பார்வையாளர் எத்தனை தடவை கத்தினாலும் உட்கார்ந்தவள் எழுந்திருக்க மாட்டாள். இதெல்லாம் நாங்களே போட்ட சட்டம். ஏழைக்கு ஏழை போட்ட சட்டம். பழைய டப்பா, பழைய ஈரம், கொஞ்சம் புத்தி சேர்த்திருக்கிறோம்.

ஆனால் நடுவில் ஒரு பலகை உடைந்த படிக்கட்டு இது. மருந்து அடிப்போம், ஒருக்களிப்போம், உட்காருவோம். ஆம்புலன்ஸ்? அங்கே வந்ததும் எல்லோரும் அந்த அறிவிப்பைப் பார்க்கிறோம். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. கேடயம் மாட்டுவதற்கு ஆணி அடித்திருக்கிறார்களே, அதற்கு ஒரு முழம் தள்ளி.

நேற்று ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றும் அறையில் ஒருத்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. “நான் இன்னும் விடலடி. நர்சம்மாகிட்ட போய்ட்டுதான் இருக்கேன், முடியல. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மருந்து அடி. ஆனா ஆம்புலன்ஸ் வேணாம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. சத்தியம் பண்ணு” என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியாது என்றால், அடுத்த தடவை அவள் பூட்டிய கழிப்பறையில் தனியாகப் போட்டுக்கொள்வாள். மருந்தோடு நான் கதவுக்கு வெளியே நிற்பேன். சரி என்றால், துணிக்கிடங்கில் இன்னொரு குறட்டை.

சரி என்று சொல்லிவிட்டேன்.

அவள் இந்த அரங்கில் இருக்கிறாள். தேடாதீர்கள். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டிய ஆள் எனக்கு நேரே இருக்கிறார்.

மேலாளர் ஐயா, கேடயத்தை நான் தடுக்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டுங்கள், தூசி தட்டுவதுகூட நான் செய்கிறேன். உருளை இயந்திரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. மயங்குகிறவளை உருளையிலிருந்து மாற்றி மடிப்பு மேசைக்கு அனுப்புங்கள், சண்டைக்கு வர மாட்டேன். நான் கேட்பது ஒரு வாக்கியம். ‘ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதற்காகவும், ஆம்புலன்ஸில் போனதற்காகவும் இங்கே யாருக்கும் வேலை போகாது.’ மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பீர்கள். கேளுங்கள். ஆனால் மூச்சு நின்றவளுக்கு நாலைந்து நிமிடம்தான் என்கிறார் நர்சம்மா. மேலிடம் எத்தனை நிமிடத்தில் பதில் போடும்?

எனக்கு வாய்ப்புக் கொடுத்த தலைவருக்கு நன்றி. இவ்வளவையும் உட்கார்ந்து கேட்ட பஸ் ஓட்டுநர் அண்ணாவுக்கு நன்றி. அதற்கு நன்றி என்ற சொல் போதாது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தவர்களுக்கும், சிரிக்க முடியாமல் போனவர்களுக்கும் வணக்கம். வேன்காரருக்கு வணக்கம்.

மைக்செட்காரரே, மைக்கை அணைத்துவிடாதீர்கள். இதை அப்படியே கீழே இறக்கி முன்வரிசைக்குக் கொடுங்கள். மலர்க்கொத்தை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், அவருக்குக் கை வேண்டும்.

மேலாளர் ஐயா, நான் கொடுத்த சத்தியத்தை நான் மீற வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தரையைப் பார்க்காதீர்கள் ஐயா. சொல்லுங்கள்.